பத்து நிமிடத் தூரத்தில் ஒரு மனை

ராமநாதபுரத்தைச் சுற்றி மனை விற்பனைப் பலகை எதைப் பார்த்தாலும் அதில் "பத்து நிமிடத் தூரம்" என்று எழுதியிருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடம், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம், ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடம். 2022-இல் வீடு தேடத் தொடங்கி 2025 தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த எங்களுக்கு, அந்தப் பத்து நிமிடம் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் திசையில் என்று கேட்கத் தெரிந்துகொள்வதற்கே ஓராண்டு ஆகிவிட்டது.

நான் ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருக்கிறேன். என் மனைவி மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 37 கிலோமீட்டர். ஆறு ஆண்டுகள் நகருக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டு உரிமையாளர் தம் மகனுக்கு வீடு வேண்டும் என்று சொன்ன பிறகுதான் சொந்த வீட்டுப் பேச்சு எங்கள் வீட்டில் சூடு பிடித்தது.

முதலில் எல்லோரையும் போலப் பட்டணம்காத்தானையும் பாரதி நகரையும்தான் பார்த்தோம். ஆட்சியர் அலுவலகம் அங்கே இருக்கிறது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அந்தப் பக்கமே வளர்ந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையும் ராமேஸ்வரம் நெடுஞ்சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஆகிய ஊர்களில் வளைகுடா வருமானம் உள்ள குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக நகருக்கு வருகின்றன. தீவில் இடம் போதாமல் ராமேஸ்வரத்திலிருந்தும் சிலர் இங்கே வருகிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே நான்கைந்து தெருக்களில் மனை கேட்டால் விலை எங்கே நிற்கும்? 2016-இல் நாங்கள் வாடகைக்கு வந்தபோது எங்கள் தெரு முனையில் சென்ட் இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கைமாறியதாகச் சொன்னார்கள். 2022-இல் அதே தெருவில் எங்களிடம் கேட்ட விலை ஏழு லட்சம். மூன்று சென்டில் இரண்டு படுக்கையறையுடன் கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு 52 லட்சம் சொன்னார்கள். அதன் மாடிப்படிக்கு அடியில் கழிவறையைத் திணித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி வெளியே வந்து, "இதில் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டும்" என்றார்.

அதன் பிறகு கிழக்கே நகர்ந்தோம். ராமேஸ்வரம் சாலையில் போகப் போக விலை படிப்படியாக இறங்கியது. வழுதூர், வாலாந்தரவை, பெருங்குளம் என்று கடந்து 17 கிலோமீட்டர் தள்ளி உச்சிப்புளிக்குப் போனபோது, சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த மனைகளுக்குச் சென்ட் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் சொன்னார்கள். அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சென்ட் என்று வைத்துக்கொண்டால் பட்டணம்காத்தானுக்கும் உச்சிப்புளிக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 27 லட்சம். அவ்வளவு தொகையை எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை 23,400 ரூபாயைத் தாண்டும். மாறாக, தினமும் 34 கிலோமீட்டர் இருசக்கர வாகனத்தில் போய்வர, லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் போதும். பணத்தை மட்டும் பார்த்தால் தூரத்து மனைதான் வெல்லும். இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் பெட்ரோல் கணக்கில் ஏறாத சில செலவுகள் அந்தச் சாலையில் இருந்தன.

அவற்றைத் தெரிந்துகொள்ள நான் செய்தது ஒன்றுதான். 2022 மார்கழியில் இரண்டு வாரம், காலை எட்டு மணிக்கெல்லாம் உச்சிப்புளிக்குப் போய்விட்டு, அங்கிருந்து எட்டரை மணிக்குக் கடைக்குப் புறப்பட்டேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எங்கே நின்றேன் என்பதை ஒரு நோட்டில் எழுதினேன். கடை முதலாளி இதைக் கேட்டுச் சிரித்தார். சாதாரணச் செவ்வாய், புதன் கிழமைகளில் முப்பது நிமிடத்தில் வந்துவிட்டேன். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் ராமேஸ்வரம் போய்த் திரும்பும் பருவம் அது. அதனால் வெள்ளி, சனிக்கிழமைகளில் ஐம்பது நிமிடம் ஆயிற்று. 2023 தை அமாவாசையன்று மட்டும் மீண்டும் ஒருமுறை முயன்று பார்த்தேன்; ஒரு மணி நாற்பது நிமிடம். இருவழிச் சாலையில் ஒரு சுற்றுலாப் பேருந்து மண் தரையில் இறங்கிச் சாய்ந்து நிற்க, அதைக் கடக்க இரு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதில் அரை மணி நேரம் போயிற்று.

அந்த நோட்டிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை இங்கே மனை பார்ப்பவர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ராமநாதபுரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் மூன்று சாலைகளின் முடிவிலும் தீர்த்தம் இருக்கிறது. கிழக்கே ராமேஸ்வரம், வடகிழக்கே நவபாஷாணம் உள்ள தேவிபட்டினம், தெற்கே திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரை. ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளில் மூன்று சாலைகளும் ஒரே நாளில் நிறைந்துவிடும். ஒன்றில் நெரிசல் என்றால் இன்னொன்றில் போகலாம் என்ற வசதி நகரத்துக்கு இல்லை. ஏர்வாடி சந்தனக்கூடு நாட்களில் கீழக்கரைச் சாலைக்குத் தனிக் கூட்டம் உண்டு. அந்தச் சாலையில் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தையும் மேம்பாலப் பணி நடந்தபோது சுற்றிப் போன நேரத்தையும் திருப்புல்லாணிப் பக்கம் வீடு கட்டிய என் மைத்துனர் வேண்டிய மட்டும் சொல்வார்.

கூட்டத்துக்குத் திசையும் உண்டு. மதுரைப் பக்கமிருந்து வரும் யாத்திரிகர்கள் இரவில் புறப்பட்டு விடியலில் கடலில் நீராடி, மதியத்துக்கு மேல் திரும்புகிறார்கள். ஆகவே காலையில் நகரை நோக்கி வருபவனுக்கு எதிர்ச்சாரிதான் நெரிசல்; மாலையில் நகரிலிருந்து கிழக்கே வீடு திரும்புபவனுக்கும் அப்படியே. மண்டபத்திலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேற்கே வரும் என் மனைவிக்கோ, பாம்பன் பாலத்தில் நின்று படம் எடுத்துவிட்டு வரும் அத்தனை வண்டிகளும் முன்னால் போகும். ஒரே வீடு, ஒரே சாலை. எனக்கு எளிது, அவருக்குக் கடினம். இருவரும் எதிரெதிர்த் திசையில் வேலைக்குப் போகும் குடும்பம், இரண்டு ஊருக்கும் நடுவில் கோலை ஊன்றினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எவருடைய திரும்பும் பயணம் கூட்டத்தோடு சேர்கிறதோ அவருக்குப் பக்கமாக வீடு நகர வேண்டும். இதை நாங்கள் பாதிதான் கடைப்பிடித்தோம். வாலாந்தரவைக்கும் பெருங்குளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வாங்கினோம். என் மனைவி இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே போயிருக்கலாம் என்று இன்றும் சொல்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என் நோட்டில் ஒரு பிழையும் இருந்தது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பர் 23-ஆம் தேதியோடு ரயில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை ரயிலில் வருபவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிச் சாலை வழியாகத்தான் தீவுக்குப் போனார்கள். நான் அளந்த நாட்களில் பாதிக்கு மேல் அந்தக் கூட்டமும் சேர்ந்திருந்தது. அளக்கும் காலத்தில் சாலையில் தற்காலிகமாக என்ன நடக்கிறது என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொள்வது நல்லது.

இங்கே பெண்கள் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் தேவை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் நெடுஞ்சாலையில் அடிக்கடி வருவது புறநகர்ப் பேருந்து, அதில் கட்டணம் உண்டு, பல வண்டிகள் சிறு நிறுத்தங்களில் நிற்பதும் இல்லை. மனை வாங்கும் முன் ஒரு நாள் காலை அந்த நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை நகரப் பேருந்து வந்தது, எத்தனை நின்றது என்று எண்ணிப் பார்த்திருந்தால், எங்கள் நிறுத்தத்தில் காலை 7.20 வண்டியை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

சாலையை இவ்வளவு அளந்த நான், முதல் மனையில் பத்திரத்தை அளக்காமல் ஏமாந்தேன். உச்சிப்புளிக்கு அருகே பிடித்துப்போன ஒரு மனைக்கு ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்த பிறகுதான், "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தரகர் சொன்னதற்கு மனைப்பிரிவு விஷயத்தில் மதிப்பில்லை, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல்தான் வேண்டும் என்று தெரிந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை இருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒருமுறை பதிவானவற்றை மறுபடி விற்க முடியும் என்றாலும், வரன்முறைப்படுத்திய ஆணை இல்லாவிட்டால் வீடு கட்ட அனுமதி பெறவும் வங்கிக் கடன் வாங்கவும் நடையாய் நடக்க வேண்டும். தரகர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். மீதியைக் கேட்டு நான்கு மாதம் அலைந்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது மனையில் எச்சரிக்கையாக இருந்தோம். வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்கு எடுத்தோம், மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டினோம், எல்லாம் சரி. ஆனால் கிராம நிர்வாக அலுவலகத்தில், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை விரித்தபோது, மனையின் வடக்கு ஓரத்தில் கண்மாய்க்குப் போகும் வாய்க்கால் ஒன்று மெல்லிய இரட்டைக் கோடாக ஓடியது. தரையில் அந்த இடத்தில் சீமைக்கருவேல மரங்கள் மட்டுமே நின்றன. வாய்க்கால் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்மாயும் ஊருணியும் வரத்துக்காலும் பின்னிக் கிடக்கும் மாவட்டம் இது. மேடு போலத் தெரியும் இடம் எல்லாம் மேடு அல்ல. பட்டாவோடு புலப்படத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும் பார்க்காமல் இங்கே ஒரு சென்ட் கூட வாங்கக் கூடாது. கடலோரத்தில், அலை ஓசை கேட்கும் மனை என்று மண்டபம் பக்கம் காட்டியவற்றை நாங்கள் எட்டியே பார்த்தோம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு என்பதால், எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாத எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளத்தை ஒட்டிப் பார்ப்பவர்களும், கட்டுவதற்குத் தடையின்மைச் சான்று வேண்டுமா என்று எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவதாகப் பார்த்த நான்கு சென்டுதான் இப்போதைய வீடு. சென்ட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். விற்பவர், அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கேட்டார். நாங்கள் முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டோம். சொத்துப் பரிமாற்றத்தில் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது ஒரு காரணம். வங்கி கடன் தருவது பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்த்துத்தான், ரொக்கமாகப் போனது முழுவதும் நம் கைப்பணம் என்பது இன்னொரு காரணம். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என ஒன்பது சதவீதம், 86,400 ரூபாய் கட்டினோம். வங்கி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, சேமிப்பிலிருந்துதான் போகும். பெண்கள் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் சலுகை 2025 ஏப்ரலில்தான் வந்தது. எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் மாசி மாதம் மனை பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு உறைக்கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்கள்; நன்றாகவே இருந்தது. அங்கே பனை ஓலை கிழித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, "மாசியில குடிச்சுப் பாத்துட்டுப் பத்திரம் போட்டுறாதீக தம்பி, வைகாசியில வந்து குடிச்சுப் பாருங்க" என்றார். மழை நின்று இரண்டே மாதம் ஆன நிலத்தில் மேல்மணலில் நல்ல தண்ணீர் நிற்கும். கோடை முற்றும்போது அது குறைந்து அடியிலிருந்து உப்பு ஏறும். வைகாசியில் மறுபடி போனோம். மூன்று வீடுகளிலிருந்து மூன்று பாட்டிலில் தண்ணீர் வாங்கி வந்து, என் மனைவி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி துவரம்பருப்பை வேகவைத்தார். சாலைக்குத் தெற்கே இருந்த வீட்டுத் தண்ணீரில் பருப்பு மூன்று விசிலுக்கும் கல்லாகவே நின்றது. எவர்சில்வர் டம்ளரில் காயவிட்டதில் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. வடக்கே இருந்ததில் நேரம் எடுத்தாலும் குழைந்தது. இருநூறு அடி தூரத்தில் இவ்வளவு வேறுபாடு. நாங்கள் வடக்கே வாங்கினோம், பதினோரு உறை இறக்கினோம், ஆழ்துளை போடவில்லை. ஆழமாகத் துளைத்த ஒரு வீட்டில் உப்பளத்துத் தண்ணீரைப் போல வந்ததைப் பார்த்திருந்தோம்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் குளோரைடு லிட்டருக்கு 640 மில்லிகிராம். கம்பி கட்டிய கான்கிரீட் கலக்க 500-க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொத்தனார், "இங்கே எல்லோரும் கிணற்றுத் தண்ணீரில்தான் கட்டுகிறார்கள்" என்றார். எல்லோருடைய வீட்டிலும் பத்தாண்டில் தளத்துக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அடித்தளம், தூண், தளம் மூன்றுக்கும் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். பூச்சுக்கு மட்டும் பிடிவாதத்தைத் தளர்த்தினேன், அது சரியா என்று இன்னும் சில ஆண்டுகளில் தெரியும். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர். குழாயில் வராத நாட்களில் வண்டியில் வரும் குடத்தை விலைக்கு வாங்குகிறோம். மனை விலையில் மிச்சமானதில் ஒரு பகுதியை மாதாமாதம் குடத்தில் திருப்பிக் கொடுக்கிறோம் என்று சொல்லலாம்.

மண் நிரப்புவதும் அப்படித்தான். சாலை மட்டத்திலிருந்து மூன்றடி தாழ்ந்த மனையில் சவடு மண் போட்டு ஏற்ற 1,40,000 ரூபாய் ஆயிற்று. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதே, அன்று எங்கள் பகுதியிலும் நல்ல மழை. சுவர் எழும்பிய எங்கள் வீடு தப்பியது, மண் நிரப்பாத பக்கத்து மனையில் நான்கு நாள் முழங்கால் அளவு நீர் நின்றது. மனை பார்க்கச் சிறந்த மாதம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். விற்பவர்கள் அப்போது கூப்பிட மாட்டார்கள்.

850 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,150 என்று ஒப்பந்தம். மண், டேங்கர், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், தற்காலிக மின் இணைப்பு என்று ஒப்பந்தத்தில் இல்லாதவை மூன்றரை லட்சத்தை எட்டின. இருபது லட்சம் கடன். மாதம் 17,400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தவணை. கட்டிய பதினொரு மாதமும் நகரத்து வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்தே போனதை நாங்கள் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டில் எவருக்கும் புதுத்துணி இல்லை. 2023-இல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது அது வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.5 சதவீதத்தில் இருந்தபோது கடன் வாங்கினோம். 2025-இல் விகிதம் இறங்கியபோது வங்கிக்குப் போய், தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். கேட்காவிட்டால் எது நடந்திருக்கும் என்று தெரியாது.

2025 மார்ச்சில் மாநில நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்குப் புதிய விமான நிலையம் என்று அறிவித்த அந்த வாரமே, எங்கள் தெருவில் காலியாக இருந்த மனைக்குச் சென்ட் மூன்றரை லட்சம் என்றார்கள். விமான நிலையம் எங்கே வரும், எப்போது வரும் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. விலை மட்டும் ஏறிவிட்டது. ஜூலையில் பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரையிலான சாலையை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் இன்னொரு ஐம்பதாயிரம் கூடியது. அந்த நான்கு வழி ராமநாதபுரத்தோடு முடிகிறது. அதில் விரைந்து வரப்போகும் வண்டிகள் எங்கள் வீட்டு முன்னுள்ள இருவழியில்தான் கிழக்கே போக வேண்டும் என்பதை விலை ஏற்றுபவர்கள் யாரும் பேசுவதில்லை.

எங்கள் சமையலறைக் கதவில் தொங்கும் நாட்காட்டியில் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளையும் தொடர் விடுமுறைகளையும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் பள்ளி இருந்தால் என் மனைவி பேருந்தை விட்டுவிட்டுப் பயணிகள் ரயிலில் போகிறார். மாலையில் ரயில் நேரம் பொருந்தாதபோது, மண்டபத்தில் உள்ள அவருடைய சித்தி வீட்டில் இருந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு இரவு எட்டரை மணி வண்டியில் வருவார். நான் நிறுத்தத்தில் விளக்கை அணைக்காமல் இருசக்கர வாகனத்தோடு நிற்பேன்.